காணி உறுதி அலுமாரிக்குள்ளேயே இருக்கட்டும்: கணிதப் பட்டதாரிகளின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை கணிதம் படித்தவர்கள், அவர்களைப் பெற்றவர்கள் அனுப்பிய கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். பாதிப் பேர் கேட்டிருப்பது ஒரே விஷயம்தான்: வெளிநாட்டில் மேலே படிக்கக் காசுக்கு எங்கே போவது?

கேள்வி: மகள் கணிதத்தில் நான்கு வருட சிறப்புப் பட்டம் முடிக்கப் போகிறாள். அமெரிக்காவில் படிக்க ஆசை. காலி வீதியில் ஒரு ஏஜென்சியில் விசாரித்தோம். முதுமாணிக்கு இரண்டு வருடத்துக்கும் சேர்த்து அறுபதாயிரம் டொலர் போகும், வங்கிக் கணக்கிலும் காட்ட வேண்டும் என்கிறார்கள். ஊரில் இருக்கிற காணியை ஈடு வைக்கலாமா என்று யோசிக்கிறோம். மகளோ "அசிஸ்டன்ட்ஷிப் கிடைத்தால் கட்டணமே இல்லை அப்பா" என்கிறாள். இந்தக் காலத்தில் யார் சும்மா படிப்பிப்பார்கள்?
ஒரு தந்தை, வெள்ளவத்தை

பதில்: ஐயா, காணி உறுதி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். மகள் சொல்வதுதான் சரி, ஆனால் "சும்மா" இல்லை, வேலை வாங்கித்தான் படிப்பிப்பார்கள்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பொறியியல், உயிரியல், பொருளாதாரம், வர்த்தகம் என்று எதைப் படிக்க வருகிற பிள்ளையும் முதலாம் வருடத்தில் கல்குலஸோ அல்ஜிப்ராவோ ஏதோ ஒரு கணிதப் பாடம் எடுத்துத்தான் தீர வேண்டும். ஒரு பெரிய அரச பல்கலைக்கழகத்தில் இப்படி ஒவ்வொரு செமஸ்டரும் ஆயிரக்கணக்கில் வருவார்கள். பேராசிரியர் இருநூறு முந்நூறு பேருக்கு விரிவுரை செய்துவிட்டுப் போய்விடுவார், அப்புறம் அந்தக் கூட்டத்தை முப்பது முப்பது பேராகப் பிரித்துக் கணக்குச் செய்து காட்ட, சந்தேகம் தீர்க்க, விடைத்தாள் திருத்த ஆள் வேண்டும். அந்த ஆள்தான் டீச்சிங் அசிஸ்டன்ட், சுருக்கமாக டீஏ. மகள் சொல்கிற அசிஸ்டன்ட்ஷிப் இந்த வேலைதான். கணிதத் துறைக்கு இந்தத் தேவை எந்த வருடமும் குறைவதில்லை. கணினி முதுமாணிக்குப் போகிற பிள்ளைகள் பெரும்பாலும் கைக்காசு போட்டுப் படிக்க, கணிதத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் போகிறவர்கள் சம்பளத்தோடு படிப்பதற்குக் காரணம் இதுதான். கணிதத்தின் மேல் யாருக்கும் விசேஷ அன்பு பொங்கி வழியவில்லை.

ஏஜென்சிக்காரர் உங்களுக்குச் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் பிஎச்டிக்கு விண்ணப்பிக்க முதுமாணி கட்டாயம் இல்லை, நான்கு வருடப் பட்டத்தோடு நேரே போகலாம். காசு இருப்பதும் அங்கேதான். பெரிய ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில் தனி முதுமாணிக்கு உதவி கிடைப்பது அரிது. காசு கட்டுகிற மாணவரைச் சேர்த்துவிட்டால் முகவருக்குப் பல இடங்களில் கமிஷன் வரும், துறையே சம்பளம் கொடுத்துக் கூப்பிடுகிற மாணவியால் அவருக்கு என்ன வரப்போகிறது? அவரைக் குறை சொல்லவில்லை, அது அவருடைய வியாபாரம். உங்கள் மகள் அந்த வியாபாரத்துக்குள் வரமாட்டாள், அவ்வளவுதான்.

துறை தருவது வழக்கமாக மூன்று: கல்விக் கட்டண விலக்கு, மாதச் சம்பளம், பெரும்பாலும் மருத்துவக் காப்புறுதி. சம்பளம் இடத்துக்கு இடம் மாறும். வருடத்துக்கு 20,000 டொலர் சொச்சம் தருகிற அரச பல்கலைக்கழகமும் உண்டு, 40,000க்கு மேல் தருகிற பணக்காரத் தனியார் பல்கலைக்கழகமும் உண்டு. பல இடங்கள் ஐந்து வருடத்துக்கு உறுதி சொல்லும், படிப்பில் திருப்தியான முன்னேற்றம் இருந்தால் என்ற நிபந்தனையோடு. முதல் இரண்டு வருடத்துக்குள் குவாலிஃபையிங் பரீட்சைகள் வரும், மெய்ப்பகுப்பாய்வு, அல்ஜிப்ரா, டோப்பாலஜி இப்படி. அவற்றில் சித்தியடையாவிட்டால் முதுமாணிப் பட்டத்தோடு வெளியே வர வேண்டியிருக்கும். அதையும் மகளுக்குத் தெரிந்தே அனுப்புங்கள்.

செலவே இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு விண்ணப்பத்துக்கு 50 முதல் 100 டொலர் வரை, சில இடங்களில் அதற்கும் மேல். எட்டு இடத்துக்குப் போட்டால், சராசரி 75 என்று வைத்து, 600 டொலர். ஒரு டொலர் 300 ரூபாய் கணக்கில் 180,000 ரூபாய். அதோடு ஆங்கிலப் பரீட்சை, பெறுபேற்று அட்டவணைகள் அனுப்புகிற செலவு, கடைசியில் விசாவும் டிக்கெட்டும். சின்னக் காசில்லை, ஆனால் காணி ஈடு வைக்கிற காசும் இல்லை. கஷ்டம் என்றால் விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று துறையின் பட்டப்பின்படிப்பு அலுவலகத்துக்கு மகளே மரியாதையாக ஒரு மின்னஞ்சல் போடட்டும். சில இடங்களில் சம்மதிப்பார்கள், இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எட்டையும் பெயர் பெற்ற இடங்களாகப் போடாதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். நம் பிள்ளைகள் ஹார்வர்ட், எம்ஐடி, ஸ்டான்ஃபோர்ட் என்று போட்டுவிட்டு ஏப்ரலில் கையைப் பிசைவார்கள். இரண்டு கனவு இடம், மூன்று நடுத்தரம், மூன்று "இங்கே கிடைக்கும்" என்று நம்பக்கூடிய மத்திய மேற்கு, தென் மாநிலப் பல்கலைக்கழகங்கள். முடிவு நாட்கள் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை வரும், படிப்பு தொடங்குவது ஓகஸ்ட்டில். ஆகவே இந்த வேலையை ஜூலையிலேயே ஆரம்பிக்க வேண்டும்.

கனடாவையும் பாருங்கள். அங்கே ஒழுங்கு வேறு, பெரும்பாலும் முதலில் முதுமாணி, பிறகுதான் பிஎச்டி. ஆனால் ஆய்வு முதுமாணிக்கே டீஏ வேலையும் உதவித்தொகையும் சேர்த்துத் தருகிற கணிதத் துறைகள் அங்கே பல உண்டு. இலவசமாக ஆலோசனை வேண்டுமென்றால் கொழும்பு 3இல் அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழு இருக்கிறது, அங்கே எஜுகேஷன்யூஎஸ்ஏ என்ற அமெரிக்க அரசின் ஆலோசனைச் சேவையின் ஆலோசகர்கள் காசு வாங்காமல் வழி சொல்வார்கள். காலி வீதியில் எந்த ஏஜென்சிப் படியும் ஏறுவதற்கு முன் மகளோடு ஒரு தடவை அங்கே போய் வாருங்கள்.

கேள்வி: எனக்கு ஒரு அமெரிக்க அரச பல்கலைக்கழகத்திலிருந்து பிஎச்டிக்கு இடம் வந்திருக்கிறது. கடிதத்தில் 24,000 டொலர், ஒன்பது மாதம், "அரைநேர" நியமனம், கல்விக் கட்டணம் விலக்கு, ஆனால் மாணவர் கட்டணங்கள் செமஸ்டருக்கு சுமார் 900 டொலர் நானே கட்ட வேண்டும் என்று இருக்கிறது. பத்து நாளுக்குள் பதில் சொல்லச் சொல்கிறார்கள். இன்னும் இரண்டு இடத்திலிருந்து பதில் வரவில்லை. இது நல்ல ஓஃபரா?
தெஹிவளை வாசகி

பதில்: முதலில் வாழ்த்து, தங்கச்சி. இனி அந்தக் கடிதத்தை ஒரு வாடகை ஒப்பந்தம் வாசிப்பதுபோல வரி வரியாக வாசிப்போம்.

"அரைநேரம்" என்றால் வாரத்துக்கு 20 மணித்தியாலம். எஃப்-1 என்ற மாணவ விசாவில் இருக்கிறவர் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் செய்யக்கூடிய வேலையின் உச்சமும் அதுதான். ஆகவே பின்னேரத்தில் வளாகக் கோப்பிக் கடையில் நின்று இன்னும் கொஞ்சம் உழைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உங்கள் 20 மணித்தியாலமும் டீஏ வேலையிலேயே முடிந்துவிடும். வெளியே திருட்டுத்தனமாக வேலை செய்வது விசாவையே கொண்டுபோய்விடும்.

ஒன்பது மாதம் என்பதுதான் பலரும் கவனிக்காமல் விடுகிற வரி. 24,000ஐ ஒன்பதால் பிரித்தால் மாதம் 2,667 வருகிறது, பார்க்க நல்லாத்தான் இருக்கும். ஆனால் மே நடுப்பகுதியிலிருந்து ஓகஸ்ட் வரை சம்பளம் இல்லை, வீட்டு வாடகை மட்டும் எல்லா மாதமும் உண்டு. இப்போது கழித்துப் பாருங்கள். டீஏ சம்பளத்துக்கு வரி உண்டு. இந்திய மாணவர்களுக்கு அவர்களுடைய வரி உடன்படிக்கையால் ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் என்ற கழிவு, அதாவது வருமானத்தில் ஒரு பங்குக்கு வரி இல்லாத சலுகை, கிடைக்கும், இலங்கையருக்கு அது கிடையாது. உடன் படிக்கிற இந்தியப் பிள்ளை "எனக்கு இவ்வளவு திரும்பி வந்தது" என்றால் உங்களுக்கும் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். மத்திய அரசு வரி 2,600 டொலர் அளவில் போகலாம், சில மாநிலங்கள் தங்கள் பங்கையும் எடுக்கும். ஒரே ஆறுதல், மாணவ விசாவில் முதல் ஐந்து வருடம் சோஷல் செக்யூரிட்டி என்ற ஓய்வூதியக் கழிவு இல்லை. மாணவர் கட்டணம் இரண்டு செமஸ்டருக்கும் 1,800. மிச்சம் 19,600. பன்னிரண்டு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 1,630 சொச்சம். சிறிய பல்கலைக்கழக நகரத்தில் இன்னொரு பிள்ளையோடு வீடு பகிர்ந்து, சோறு சமைத்து, பஸ்ஸில் போய் வந்தால் சமாளிக்கலாம். பொஸ்டன் மாதிரி நகரமென்றால் இந்தச் சம்பளத்துக்கு நான் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன். ஓஃபரின் தொகையை மட்டும் வைத்து இரண்டு இடங்களை ஒப்பிடக்கூடாது என்பதும் இதனால்தான்.

துறைக்கு எழுதிக் கேட்க வேண்டியவை: கோடைகாலத்தில் படிப்பிக்கிற வேலை முதலாம் வருட மாணவர்களுக்குக் கிடைப்பது வழக்கமா? காப்புறுதிக்கட்டணத்தை அவர்கள் முழுதாகக் கட்டுகிறார்களா, அல்லது ஒரு பங்கு உங்கள் தலையிலா? நியமனம் எத்தனை வருடத்துக்கு உறுதி? ஒரு செமஸ்டருக்கு எத்தனை வகுப்பு? அதோடு துறையில் இப்போது படிக்கிற ஒருவருடைய மின்னஞ்சலைத் தரச் சொல்லுங்கள், இலங்கையரோ இந்தியரோ இருந்தால் இன்னும் நல்லது. "உண்மையிலேயே வாரம் எத்தனை மணி வேலை வாங்குகிறார்கள்?" என்று அவரிடம் தனியே கேளுங்கள். துறைத் தலைவரின் பதிலும் மாணவரின் பதிலும் ஒன்றாக இருந்தால் நல்ல இடம்.

பத்து நாள் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் பட்டப்பின்படிப்புப் பாடசாலைகளின் கவுன்சில் என்ற அமைப்புக்கு ஏப்ரல் 15 தீர்மானம் என்று ஒன்று உண்டு. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள், நிதி உதவியோடு இடம் கொடுத்த மாணவரை ஏப்ரல் 15க்கு முன் முடிவு சொல்லும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. கையெழுத்திட்டவர்களின் பட்டியலை அந்தக் கவுன்சிலே வெளியிடுகிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் இருந்தால், "உங்கள் அழைப்புக்கு நன்றி, ஏப்ரல் 15 தீர்மானத்தின்படி அந்தத் திகதிக்குள் உறுதியான பதில் தருகிறேன்" என்று இரண்டு வரி எழுதினால் போதும், யாரும் கோபிக்க மாட்டார்கள். மற்ற இரண்டு இடத்துக்கும் "எனக்கு வேறோர் இடத்தில் நிதியோடு ஓஃபர் வந்திருக்கிறது, என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது?" என்று கேட்டு எழுதுங்கள். காத்திருப்போர் பட்டியலில் இருந்தாலும் சொல்வார்கள், அந்தப் பட்டியல்கள் அசையத் தொடங்குவதே ஏப்ரல் 15ஐ ஒட்டித்தான். போக விருப்பமில்லாத ஓஃபரை மட்டும் பிடித்து வைத்திருக்க வேண்டாம், அதுக்காக எங்கேயோ இன்னொரு பிள்ளை காத்திருக்கும்.

இன்னொன்று: முதல் சம்பளம் பெரும்பாலும் செப்டம்பரில்தான் கைக்கு வரும். வீட்டு முற்பணம், பாத்திரம், குளிருடுப்பு எல்லாம் அதற்கு முன். 2,000 டொலராவது கையில் கொண்டு போக வேண்டும், மாமா சித்தப்பாமார் கனடாவில் இருந்தால் இப்போதே ஒரு சொல் போட்டு வையுங்கள்.

கேள்வி: நான் எடுத்தது மூன்று வருடப் பொதுப் பட்டம், கணிதம், புள்ளிவிபரவியல், கணினி. வகுப்புச் சித்தி இல்லை. நான்கைந்து வருடமாக உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் டியூசன் கொடுக்கிறேன். எனக்கு இந்த டீஏ எல்லாம் சரிவருமா, அல்லது காலம் போய்விட்டதா?
கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: காலம் போகவில்லை தம்பி, ஆனால் நேரே பிஎச்டிக்குப் போவது கடினம். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நான்கு வருடப் பட்டத்தை எதிர்பார்க்கும். அதைவிடப் பெரிய தடை பாடங்கள். பொதுப் பட்டத்தில் மெய்ப்பகுப்பாய்வும் நுண் அல்ஜிப்ராவும் மேலோட்டமாகத்தான் போயிருக்கும், தெரிவுக்குழு பெறுபேற்று அட்டவணையில் முதலில் தேடுவது அந்த இரண்டையும்தான்.

வழி இருக்கிறது. இங்கேயே ஒரு முதுமாணி செய்யலாம், பேராதனையில் விஞ்ஞானப் பட்டப்பின்படிப்பு நிறுவனம் இருக்கிறது, மற்றப் பல்கலைக்கழகங்களையும் விசாரியுங்கள். பெயருக்கு ஒரு பட்டம் எடுப்பது நோக்கமில்லை. தேற்றங்களை நிறுவிக் காட்டுகிற பாடங்களில் நல்ல புள்ளி எடுத்து, உங்களை அறிந்த ஒரு விரிவுரையாளரைச் சம்பாதிப்பதுதான் நோக்கம். அதற்குப் பிறகு இரண்டு கதவுகளைத் தட்டலாம்.

ஒன்று இத்தாலியில் ட்ரியெஸ்டே நகரத்தில் இருக்கிற ஐசிடிபி, அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய கோட்பாட்டுப் பௌதிகவியல் நிலையம். வளர்முக நாட்டு மாணவர்களுக்காகவே அங்கே ஒரு வருட டிப்ளோமா நடக்கிறது, கணிதத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. தெரிவானவர்களின் பயணத்தையும் தங்குமிடச் சாப்பாட்டுச் செலவையும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நம் பக்கத்தில் இதை அறிந்தவர்கள் குறைவு. படிப்பு கடுமை, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வருடம் இருக்க வேண்டும். முடித்துவிட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிஎச்டிக்குப் போனவர்கள் நிறையப் பேர்.

மற்றது, பிஎச்டி நடத்தாத அமெரிக்கக் கணிதத் துறைகள். அங்கே கல்குலஸ் படிப்பிக்க பிஎச்டி மாணவர்கள் இல்லாததால் அந்த வேலை முதுமாணி மாணவர்களுக்கு வரும், கூடவே கட்டண விலக்கும் சம்பளமும். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டுலூத் வளாகம், ஒஹாயோவில் இருக்கிற மயாமி பல்கலைக்கழகம் இந்த வகை. (ஓம், மயாமி பல்கலைக்கழகம் ஒஹாயோவில்தான். ஃபுளோரிடாவில் கடற்கரையோடு இருப்பது வேறு. கட்டணம் கட்டும்போது சரியான இடத்துக்குத்தான் போகிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.) இடங்கள் குறைவு, சம்பளமும் குறைவு, ஆனால் உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல படி.

டியூசனைப் பற்றி வெட்கப்பட்ட மாதிரி எழுதியிருக்கிறீர்கள், ஏன்? டீஏ வேலைக்கு ஆள் எடுக்கிறவரிடம் "நான் நான்கு வருடமாகப் பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வகையீடும் தொகையீடும் படிப்பிக்கிறேன்" என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்? விண்ணப்பத்தோடு ஏன் படிக்க வருகிறேன் என்று எழுதி அனுப்புகிற நோக்கக் கூற்றில் அதை ஒரு பந்தியாக எழுதுங்கள். எத்தனை பிள்ளை ஏ எடுத்தது என்ற கணக்கு வேண்டாம், எந்த இடத்தில் பிள்ளைகள் தடுக்கி விழுவார்கள், அதை நீங்கள் எப்படி விளங்கப்படுத்துவீர்கள் என்று எழுதுங்கள். ஜிஆர்ஈ கணிதப் பாடப் பரீட்சையும் உங்களுக்கு உதவும், அதில் பாதி கல்குலஸ், கால்வாசி அல்ஜிப்ரா, மிச்சம் மற்றவை. பல துறைகள் இப்போது அதைக் கட்டாயமாகக் கேட்பதில்லை, ஆனால் வகுப்புச் சித்தி இல்லாதவருக்கு நல்ல புள்ளி ஒரு சாட்சி. வேகமாகக் கணக்குச் செய்கிற கை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கேள்வி: பாடசாலையில் தமிழ் மொழிமூலம் படித்தவன். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் எழுதிச் சமாளித்தேன், கதைக்கத்தான் நாக்கு எழும்பாது. வெள்ளைக்காரப் பிள்ளைகள் முன்னால் நின்று படிப்பிக்க வேண்டும் என்று நினைத்தாலே விண்ணப்பிக்க மனம் வரவில்லை.
வத்தளை வாசகர்

பதில்: பயம் நியாயமானது, பல்கலைக்கழகங்களும் இதைச் சும்மா விடுவதில்லை. டோஃபலிலோ ஐஈஎல்டிஎஸ்ஸிலோ பேச்சுப் பகுதிக்கு மட்டும் தனியாக ஒரு எல்லை வைக்கும் இடங்கள் உண்டு. போய் இறங்கிய பிறகு ஒரு கரும்பலகைக்கு முன் நிறுத்தி, பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொல்லிப் பார்க்கிற இடங்களும் உண்டு. அதில் தவறினால் முதல் செமஸ்டரில் திருத்துகிற வேலையும் கணித உதவி நிலையத்தில் இருக்கிற வேலையும் தந்து, கூடவே ஒரு பேச்சு வகுப்புக்கு அனுப்பும் துறைகள் இருக்கின்றன. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி என்று எண்ண வேண்டாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அந்த வகுப்பு எப்படி இருக்கும் என்று சொன்னால் பயம் பாதி குறையும். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி, ஐம்பது நிமிடம். முப்பது பேரில் இருபத்திரண்டு பேர் வந்திருப்பார்கள், நாலு பேர் காலைச் சாப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு. வீட்டுக்கணக்கில் எது வரவில்லை என்று நீங்கள் கேட்பீர்கள். ஒருவன் "பதினேழு" என்பான். எழுதுவீர்கள். நடுவில் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, இரண்டாவது வரியிலிருந்து மூன்றாவதுக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்கும். தொண்ணூறு வீதம் அங்கே கல்குலஸ் பிரச்சினை இருக்காது, பின்னம் சுருக்கத் தெரியாத பிரச்சினை. நம் சாதாரண தரப் பிள்ளை செய்கிற கணக்கு. அந்தக் கணத்தில் சிரிக்காமல், முகம் சுளிக்காமல், பக்கத்தில் சின்னதாக அந்தப் பின்னத்தை எழுதிக் காட்டுகிறவரைத்தான் அந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். இலக்கணம் கொஞ்சம் சறுக்கினாலும் பெரிதுபடுத்த மாட்டார்கள். அவர்கள் முறைப்பாடு செய்வது வேகமாகப் பேசி, பலகையைப் பார்த்துக்கொண்டே எழுதி, முடித்துவிட்டுப் போகிறவரைப் பற்றித்தான். நம் விரிவுரையாளர்கள் சிலரை நினைத்துப் பாருங்கள், விளங்கும்.

இப்போதிலிருந்தே செய்யக்கூடியது: வீட்டில் ஒரு வெள்ளைப் பலகை வாங்கி, தினமும் ஒரு கணக்கை ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்து, போனில் பதிவுசெய்து கேளுங்கள். முதல் கிழமை உங்கள் குரலை உங்களாலேயே சகிக்க முடியாது. மெதுவாகப் பேசுங்கள், இசட் என்பதை அங்கே ஸீ என்பார்கள், இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள் ஒரு மாதத்தில் பழகிவிடும். பழக வேண்டிய இன்னொன்று: இங்கே பெறுபேற்றை அறிவித்தல் பலகையில் ஒட்டுவோம், அங்கே ஒரு மாணவரின் புள்ளியை இன்னொருவர் காணும்படி விடுவது மாணவர் அந்தரங்கச் சட்டத்துக்கு எதிர். திருத்திய தாள்களைக் கட்டாக மேசையில் வைத்து "எடுத்துக்கொண்டு போங்கள்" என்று சொன்னாலே பிரச்சினை வரலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து போய்க் கேம்பிரிட்ஜில் பெயர் பெற்ற பௌதிகவியலாளர் பால் டிராக்கின் மாணவராக இருந்த பேராசிரியர் சி. ஜே. எலியேசர் பின்னர் கொழும்பிலும் மலாயாவிலும் அவுஸ்திரேலியாவிலும் படிப்பித்தார். அவர் காலத்தில் போனில் குரலைப் பதிந்து கேட்கிற வசதிகூட இல்லை.

கேள்வி: சிபாரிசுக் கடிதம் கேட்டுப் போனால் சேர் "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்து வைக்கிறேன்" என்கிறார். எழுதலாமா? பிடித்த பேராசிரியர்களுக்கு அங்கே முன்கூட்டியே மின்னஞ்சல் போட வேண்டுமா?
இரு வாசகர்கள், பம்பலப்பிட்டி, மருதானை

பதில்: எழுத வேண்டாம். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும், உங்களைப் பற்றி நீங்கள் எழுதினால் "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், சமயத்துக்கு வருவார்" என்றுதான் வரும், அதை வாசித்து யாரும் இடம் தரப் போவதில்லை. தெரிவுக்குழுவுக்கு வேண்டியது, "என் அளவைக் கோட்பாடு வகுப்பில் நாற்பது பேரில் இந்தக் கேள்விக்கு வேறு வழியில் விடை கண்டவர் இவர் ஒருவர்தான்" என்பது போன்ற ஒரு வரி. ஆகவே சேருக்கு ஒரு பக்கத்தில் விஷயங்களை மட்டும் எழுதிக் கொடுங்கள்: அவரிடம் எடுத்த பாடங்கள், புள்ளிகள், செய்த செயற்றிட்டம், அவரோடு கதைத்த ஒரு கணக்கு. எழுதுவது அவர் வேலை. மூன்று பேர் வேண்டும், மூவரும் உங்களுக்குக் கணிதம் படிப்பித்தவர்களாக இருப்பது நல்லது. பெரிய பதவியில் இருக்கிற உறவினரின் கடிதம் குப்பைக்குத்தான். கடிதத்தை ஜிமெயிலிலிருந்து அனுப்பாமல் பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து அனுப்பும்படியும் கேளுங்கள், முடிவு நாளுக்கு மூன்று கிழமை முன்பே நினைவூட்டுங்கள். நம் ஆட்களைத் தெரியும்தானே.

மின்னஞ்சல் விஷயம் நாட்டைப் பொறுத்தது. அமெரிக்கக் கணிதத் துறைகளில் மாணவரைத் தெரிவு செய்வது ஒரு குழு, தனிப் பேராசிரியர் இல்லை. பொறியியலில் போல ஆளுக்கு ஆள் எழுதிக்கொண்டிருந்தால் பதிலும் வராது, பலனும் இல்லை. அவுஸ்திரேலியா, ஐரோப்பா என்றால் மேற்பார்வையாளரை முதலில் பிடிக்க வேண்டும். ஜெர்மனியில் பிஎச்டி மாணவர் பல இடங்களில் சம்பளம் பெறும் ஊழியராகவே சேர்வார், ஆகவே அங்கே வேலை விளம்பரங்களைத் தேடுங்கள்.

கேள்வி: திருமணமாகிவிட்டது. கணவரையும் கூட்டிப்போனால் அவர் வேலை செய்யலாமா?
கொள்ளுப்பிட்டி வாசகி

பதில்: அமெரிக்காவில் மாணவரின் கணவன் மனைவிக்குக் கொடுக்கிற எஃப்-2 விசாவில் முடியாது. ஒருவருடைய டீஏ சம்பளத்தில் இருவர் சீவிப்பது மிகக் கஷ்டம். கணவருக்கு அங்கே ஒரு படிப்போ வேலையோ தனியாகக் கிடைக்கும்வரை அவர் இங்கே இருப்பதுதான் நல்லது என்று நினைக்கிறேன், வீட்டில் மாமியார் வேறு மாதிரி நினைக்கலாம்.

கேள்வி: கணிதத்தில் கலாநிதி முடித்துவிட்டுக் கடைசியில் என்ன வேலை? இப்போது அமெரிக்க விசாவும் கிடைப்பதில்லை என்கிறார்களே.
ஒரு தாய், கிருலப்பனை

பதில்: வேலைக்குப் பயப்பட வேண்டாம் அம்மா. பல்கலைக்கழகம் தவிர காப்புறுதி, வங்கி, மென்பொருள் என்று கணிதக்காரரை எடுக்கிற இடங்கள் நிறைய. கணிதம் ஸ்டெம் (விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருப்பதால் படிப்பு முடிந்த பின் ஒரு வருடமும் அதற்கு மேல் இன்னும் இரண்டு வருடமும் அங்கே வேலை செய்ய அனுமதி பெறலாம், இப்போதுள்ள விதிப்படி.

விசா விஷயத்தில் உங்கள் கவலை சும்மா வந்ததில்லை. 2025 மே கடைசியில் மாணவர் விசா நேர்முகத்துக்குப் புதிய நேரம் கொடுப்பதைச் சில வாரம் நிறுத்தினார்கள். ஜூனில் திரும்பத் தொடங்கியபோது சமூக வலைத்தளக் கணக்குகளை எல்லாரும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொன்னார்கள். ஆராய்ச்சி நிதி வெட்டப்பட்டதால் சில பல்கலைக்கழகங்கள் அந்த வருடம் பிஎச்டி இடங்களையும் குறைத்தன. கணிதத் துறைகளின் பணம் பெரும்பாலும் கற்பித்தலிலிருந்து வருவதால் ஆய்வுகூடத் துறைகள் அளவுக்கு அடி விழவில்லை என்றாலும் தப்பவும் இல்லை. அதனால்தான் கனடாவிலோ ஐரோப்பாவிலோ ஓரிரண்டு விண்ணப்பம் கட்டாயம் போடச் சொல்கிறேன்.

டீஏ கிடைத்த பிள்ளைக்கு விசாவில் ஒரு வசதி உண்டு. பல்கலைக்கழகம் அனுப்புகிற ஐ-20 படிவத்திலேயே கட்டண விலக்கும் சம்பளமும் அச்சிட்டிருக்கும், "யார் காசு கட்டுகிறார்கள்?" என்ற கேள்விக்கு "கணிதத் துறை" என்று ஒரு சொல்லில் பதில் சொல்லலாம். அந்தப் படிவத்தில் செலவுத் தொகையைவிட உதவித் தொகை குறைவாக இருந்தால் மட்டும் வித்தியாசத்துக்கு நீங்கள் வங்கிக் கணக்குக் காட்ட வேண்டிவரும். விசாக் கட்டணம் 185 டொலர், வெளிநாட்டு மாணவர் பதிவான செவிஸ் கட்டணம் 350, இரண்டும் சேர்ந்து இப்போதைய கணக்கில் 160,000 ரூபாய் அளவில் (கட்டணங்கள் மாறும், கட்டுகிற அன்று பாருங்கள்). ஐ-20, நியமனக் கடிதம், செவிஸ் பற்றுச்சீட்டு, பெறுபேற்று அட்டவணை நாலையும் ஒரே கோப்பில் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். படித்துவிட்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டால் பிள்ளை சொந்த வாயால் பதில் சொல்ல வேண்டும், நீங்கள் மனப்பாடம் செய்து கொடுக்காதீர்கள்.